எக்ஸ்ரே ராத்தாவின் ஸ்பெயார் கமரா

நீங்கள் பொய் சொன்னீர்கள். மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "எக்ஸ்ரே ராத்தா தன்னுடைய கடைசிப் படங்களை எங்கள் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்" என்றீர்கள். வாசலுக்கு நேரே மாட்டியிருந்த பெரிய படத்தைக் கையால் காட்டியும் சொன்னீர்கள். அந்தப் படத்தை ராத்தா உங்களிடம் தரவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கைதட்டியவர்களுக்குத் தெரியாது. அவர்களும் அறியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், ஒளிப்படக் கழகத்தின் தலைவரே.

நான் கல்முனையில் ஓட்டோ ஓட்டுகிறவள். ராத்தா பென்சன் எடுத்த பிறகு அவரையும் அவருடைய கமராவையும் ஏற்றிக்கொண்டு பொத்துவில் வரைக்கும் திரிந்தவள். பெண் ஓட்டோ ஓட்டுகிறாள் என்று சந்தியில் நின்று சிரித்தவர்களுக்கு அந்த இடத்திலேயே பதில் கொடுத்திருக்கிறேன். எழுத்தில் சண்டை பிடிப்பது இதுதான் முதல் தடவை. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

ராத்தா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். ஊரே அவரை மூத்த சகோதரி முறை வைத்து எக்ஸ்ரே ராத்தா என்றுதான் கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தால் படத்தை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மண்ணிறக் கவருக்குள் போட்ட அந்தப் படத்தைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் வைப்போம். அடுத்த கிளினிக் வரும்போது தூசு தட்டி எடுத்துக்கொண்டு போவோம். எல்லோருக்கும் அது வெறும் நடைமுறை. ராத்தாவுக்கு மட்டும் அது மார்க்கக் கடமை மாதிரி. யாருடைய உடம்பைப் படம் எடுத்தாரோ அவருடைய கையில் படம் போய்ச் சேர வேண்டும். இடையில் வேறு கை படக் கூடாது. புருசன் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

என்னுடைய உம்மா வழுக்கி விழுந்து கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனபோது ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். சம்மாந்துறையிலிருந்து நல்ல சீலை உடுத்திய ஒரு பெண் வந்தார். மகனுக்குக் கலியாணம் பேசியிருந்தார். பெண்ணுக்கு நெஞ்சில் ஏதோ இருக்கிறது, எக்ஸ்ரேயும் எடுத்திருக்கிறாள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். வந்தவர் வரிசையில் நிற்கவில்லை. நேரே கதவடிக்குப் போனார்.

"நம்மட மகனுக்குப் பேசின புள்ள. நெஞ்சு எப்பிடி இரிக்கி எண்டு பாத்திருப்பீங்கதானே ராத்தா?"

"நான் எலும்புதான் பாக்கிற. ஆர்ர எலும்பு எண்டு பாக்கிறல்ல."

"சும்மா ஒரு சொல்லு சொல்லுங்களன். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"நீங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்க. நானும் அப்பிடித்தான்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் கறுத்துப் போனது. "அப்ப அந்தப் படம் எங்க?" என்று அதட்டிக் கேட்டார்.

"ஆர்ர நெஞ்சோ அவட கையில."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ராத்தாவுக்குத் தலைக்கனம் என்று சம்மாந்துறையில் ஒரு பேர் இருந்ததென்றால் அது அன்றைக்குக் கிடைத்ததாக இருக்கும்.

இனிமையான ஆள் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டோவில் ஏறினால் ரேடியோவை நிற்பாட்டச் சொல்வார். பள்ளத்தில் விழுந்தால் ரோட்டை ஏசமாட்டார், என்னை ஏசுவார். வாயில் எந்த நேரமும் ஒரு கராம்பு இருக்கும். நன்றி சொல்லிப் பழக்கமில்லை. எல்லாவற்றிலும் இரண்டு கொண்டு வருவார்: இரண்டு தண்ணீர்ப் போத்தல், இரண்டு குடை, இரண்டு சோடி செருப்பு. ஏன் இந்தச் சுமை என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒண்டு ஏலாமப் போனா?"

பென்சன் எடுத்ததும் ஒரு பழைய கமரா வாங்கினார். சாதாரண கமராவின் பிலிம் இரண்டு விரல் அகலம் என்றால் இதற்குப் போடுவது நாலு விரல் அகலம். மீடியம் போர்மட் என்பார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான் வரும். கமரா ஒரு கருங்கல் மாதிரிப் பாரம். அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து அதற்குள் பார்க்க வேண்டும். படம் எடுக்கிறவர் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார், முகத்துக்கு நேரே எதையும் நீட்டமாட்டார். எங்கள் பெண்களின் கூச்சத்தில் பாதி அதைப் பார்த்ததுமே போய்விடும்.

மீதிப் பாதி, பிலிம் என்பதால் போனது. எங்கள் பெண்கள் படத்துக்குப் பயந்தவர்கள் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். பயம் படத்தில் இல்லை, படம் போகிற பாதையில். கலியாண வீட்டில் ஒருத்தி போனில் எடுத்த படம், நாம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். யார் பார்த்தார்கள், யார் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ராத்தா அப்படி இல்லை. வீட்டிலேயே பிலிமைக் கழுவுவார், அந்த வேலை ஆஸ்பத்திரி இருட்டறையிலேயே பழகியது. படத்தைக் கடதாசியில் போடுவார். அந்தப் பெண்ணின் துண்டைப் பிலிமிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார். இரண்டையும் மண்ணிறக் கவருக்குள் வைத்துத் திரும்ப அந்த ஊருக்கே போய்க் கொடுப்பார்.

"படமும் உங்கட, பிலிமும் உங்கட. வெச்சிருந்தாலும் சரி, எரிச்சாலும் சரி."

அதனால்தான் பெண்கள் படத்துக்கு அவருக்கு முன்னால் வந்து இருந்தார்கள். முக்காடு இல்லாமல் இருந்தவர்களும் உண்டு. தாயும் மகளும் ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்துப் படுத்திருந்ததும் உண்டு. திருக்கோவிலில் கருவாடு காயவைக்கிற அம்மா ஒருவர், தன்னுடைய இரண்டு கைகளையும் மட்டும் எடுத்துத் தரச் சொன்னார். அதையும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கடல், வயல், எருமை, தோணி இவற்றின் பிலிமைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். பெண்களுடைய பிலிமில் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளமாட்டார். "அப்ப உங்களுக்கு என்ன மிச்சம்?" என்று உங்கள் கழகத்தில் ஒருவர் கேட்டபோது, "பாத்திட்டன்தானே" என்றார்.

ஸ்பெயார் கதை நாவிதன்வெளியில் தொடங்கியது. அறுவடை நேரம். மெசின் அறுத்துப் போன வயலில் கதிர் பொறுக்குகிற ஒரு பெண், போன முறை நாங்கள் போனபோது, அடுத்த முறை வரும்போது என்னையும் எடுங்கள் என்று கேட்டிருந்தார். சொன்னபடி போனோம். அவர் கலியாணச் சீலையை உடுத்திக்கொண்டு வரம்பில் காத்திருந்தார். ராத்தா குனிந்து பொத்தானை அமத்தினார். கமராவுக்குள் இருக்கிற கண்ணாடி மேலே போனது, கீழே வரவில்லை. கடற்காற்றின் உப்பு உள்ளே ஏறியிருக்க வேண்டும். என்ன செய்தும் அசையவில்லை. அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது ராத்தா கேட்டார்.

"ஸ்பெயார் வீல் இல்லாம நீ ஓடுவியா புள்ள?"

"என்னத்துக்கு? நடு ரோட்டில நிக்கவா?"

"அப்ப நான் மட்டும் ஓடியிரிக்கனே. ஒரு மனிசிய உடுத்திக் காத்திரிக்க வெச்சிப்போட்டு, ஏலா எண்டு சொல்லிட்டு வாறன்."

அன்றைக்குத் தொடங்கினார். வேறு பெண்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ராத்தா ஸ்பெயார் கமரா பார்த்தார். விசாரிக்காத ஆள் இல்லை. முதலில் அதே கமராவில் இன்னொன்று கிடைத்தது. லென்சும் மற்றச் சாமானும் இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கிறவன் சொன்னான். ராத்தா வேண்டாம் என்றார். "ரெண்டும் ஒரே வருத்தத்தில மௌத்தாகும். இதுக்குக் கண்ணாடி சிக்கின நாளில அதுக்கும் சிக்கும்." பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைக்கக்கூடிய ஒரு பழைய கமரா வந்தது. பாரமே இல்லை. எனக்குச் சந்தோசம், தூக்குகிறவள் நான்தானே. ராத்தா அதன் கறுப்புத் துருத்தியை விரித்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். துருத்தியின் மடிப்புகளில் வெளிச்சம் நட்சத்திரம் மாதிரித் தெரிந்தது. "ஓட்டைக் குடை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

எனக்கு அலுத்துப்போய், "என்ட போன் இரிக்கிதானே ராத்தா. அவசரத்துக்கு அதில எடுங்களன்" என்றேன்.

"எடுத்திட்டு?"

"எடுத்திட்டு அவங்கட போனுக்கு அனுப்பினாச் சரி."

"அனுப்பின பிறகு உன்ட போனில என்ன இரிக்கும்?"

"அழிச்சிப் போடுவன்."

"அழிச்ச எண்டு நீ சொல்லுவ. அவங்க நம்போணும். பிலிமெண்டா நம்பத் தேவல்ல, கையில இரிக்கும்."

இதைத்தான் அவர் உங்கள் கழகக் கூட்டத்திலும் சொன்னார், தலைவரே. அன்றைக்கு நானும் கதவடியில் நின்றேன். பிரயாணத்துக்கு என்ன ஸ்பெயார் நல்லது என்று ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். சின்ன டிஜிட்டல் போதும் என்றார் ஒருவர். நீங்கள் டுபாயிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் மீடியம் போர்மட்டைத் தூக்கிக் காட்டினீர்கள். பெரிய கமராவுக்கு ஸ்பெயார் என்றால் இதுதான், அதே தரம், பாரமும் பாதி என்றீர்கள். ராத்தா கராம்பை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"என்ட கமரா ஏலாமப் போற நாளில பைக்குள்ள ரோல் மிச்சம் இரிக்கும் சேர். அந்த ரோலப் போடக்கூடிய ஒண்டுதான் எனக்கு ஸ்பெயார். லொறி டயர் எவ்வளவு திறமெண்டாலும் ஓட்டோக்குப் பூட்ட ஏலுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை.

"மற்றது, எடுத்த படத்த, ஆர எடுத்தமோ அவங்கட கையிலயே குடுத்திடோணும். எனக்கிட்டயும் இரிக்கப்படாது, கமராக்கிட்டயும் இரிக்கப்படாது."

கமராவிடமும் இருக்கக் கூடாது. இந்தச் சொல்லை நீங்கள் கேட்டீர்கள். உங்களுக்கு நேரே பார்த்துத்தான் சொன்னார்.

கடைசியில் ராத்தா தெரிவு செய்தது இரட்டைக் கண் கமரா. மேல் கண்ணால் பார்ப்பது, கீழ்க் கண்ணால் எடுப்பது. மேலே கீழே போகிற கண்ணாடி அதற்குள் இல்லை, சிக்கவும் மாட்டாது. பற்றரி தேவையில்லை. அதே ரோல் போடலாம். லென்ஸ் மாற்ற ஏலாது, அது ஒரு குறை. "ஸ்பெயார் வீலில ஊர்கோலம் போறல்ல, வீட்ட வந்து சேந்தாச் சரி" என்றார். கண்டியில் ஒருவரிடம் பேசி முடித்தார். அவர் அதைத் துப்புரவு செய்து அனுப்பச் சுணங்கி நாள் போனது. அதற்கிடையில் பொத்துவிலுக்குப் போவதாக நாள் சொல்லிவிட்டோம். கண்ணாடியைத் திருத்தி வாங்கின பழைய கமராவில் ராத்தாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

அப்போதுதான் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "ஒரு பயணத்துக்குத்தானே ராத்தா, இத வெச்சிக்கங்க" என்று உங்கள் கமராவைக் கொடுத்தீர்கள். ராத்தா கடலையும் மாட்டையும் எடுக்க மட்டும் பாவிப்பேன் என்றார். ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன்.

"இதில எடுக்கிற படம் எங்க இரிக்கும்?"

நீங்கள் ஒரு மூடியைத் திறந்து, விரல்நகம் போன்ற ஒரு கார்டை வெளியே எடுத்துக் காட்டினீர்கள்.

"இதுக்குள்ளதான் ராத்தா."

"வேற எங்கயும் இராதே?"

"வேற எங்க இரிக்கிற?"

பொத்துவிலில் நாங்கள் பார்க்கப் போன பெண், எருமைப் பால் வாங்கித் தயிர் போட்டு விற்கிறவர். சட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்த முற்றம். ராத்தா அவரை முன்பே அறிவார், ஆஸ்பத்திரியில். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டிப் பிறகு வளர்ந்திருந்தது. தோள் வரைக்கும், சுருள் சுருளாக. முந்தி அவருக்குச் சுருள் முடி இல்லையாம். "இது ஆர்ர முடி எண்டே எனக்கு வெளங்கல்ல" என்று சிரித்துக்கொண்டு, முக்காட்டை எடுத்து எங்களுக்குக் காட்டினார். இந்த முடியோடு ஒரு படம் வேண்டும் என்றுதான் ராத்தாவைக் கூப்பிட்டிருந்தார். தான் மட்டும் பார்ப்பதற்கு.

"வேற ஆருக்கும் போகாதே ராத்தா?"

"போகா. படமும் உங்கட, பிலிமும் உங்கட."

ராத்தா குனிந்தார். முதல் படத்துக்கே கண்ணாடி மேலே போய் நின்றுவிட்டது. நாவிதன்வெளியில் நடந்தது அப்படியே நடந்தது. அவர் கமராவை என்னிடம் தந்தார். அந்தப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"அடுத்த மாசம் வாறம்" என்றார் ராத்தா. "ஸ்பெயார் கண்டியில இருந்து வந்திடும்."

"அடுத்த மாசம் இது இராது ராத்தா. மறுகாவும் கட்டி வந்திரிக்காம். வாற கிழமை மருந்து தொடங்குறாங்க."

தன்னுடைய முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அழவில்லை. நாளைக்குத் தயிர் இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

ராத்தா என்னைப் பார்த்தார். அவர் என்னைக் கேட்டு ஒரு காரியம் செய்ததில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"அந்தக் கார்டக் கழட்டிக் குடுத்திட்டா, பிலிம் குடுத்த மாதிரித்தானே?"

"கழகத்துச் சேர் காட்டினவர்தானே. அதுக்குள்ளதான் எண்டார்."

அந்தப் பெண்ணிடமும் சொன்னார். இது பிலிம் இல்லை, வேறு கமரா, எடுத்ததும் இதிலிருக்கிற துண்டைக் கழற்றி உங்களிடமே தருகிறேன், சம்மதமென்றால் எடுக்கிறேன் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவர் சம்மதித்தார். ராத்தா நிறையப் படம் எடுத்தார். நான் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை, எப்போதும் பன்னிரண்டை எண்ணி எண்ணி எடுக்கிற ஆள். அந்தப் பெண் தலையைக் குலுக்கினார், முடியை முகத்தில் விட்டார், சட்டிகளுக்கு நடுவில் இருந்து சிரித்தார். முடிந்ததும் ராத்தா மூடியைத் திறந்து, கார்டைக் கழற்றி, அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டார்.

மருந்து தொடங்க முதல், அதே கிழமைக்குள், கார்டை நேரே செருகிப் படம் போடுகிற சின்னப் பிரிண்டர் ஒன்றைத் தன் மருமகளிடம் இரவல் வாங்கினார். திரும்பவும் ஓட்டோவில் பொத்துவில். அந்தப் பெண்ணின் வீட்டிலேயே கரண்ட் எடுத்து, அவர் கையாலேயே கார்டைப் போடவைத்து, படம் எடுத்துக் கொடுத்தோம். படம் நிறம் நிறமாக மெதுவாக வெளியே வந்தது. பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இப்பிடியா இரிக்கன்?"

"இப்ப இப்பிடித்தான்" என்றார் ராத்தா.

திரும்பி வந்து உங்கள் கமராவை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தோம். "கார்டத் தர ஏலா சேர், புதுசு வாங்கிப் போட்டிரிக்கன்" என்றார் ராத்தா. நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. பழைய கார்ட் எங்கே என்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

இரட்டைக் கண் கமரா வந்த பிறகு ராத்தா ஒரு பயணமும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒருமுறை திருக்கோவில் கடற்கரையில் பெரியது மறுபடி சிக்கியபோது, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் பையிலிருந்து ஸ்பெயாரை எடுத்தார். "இதுக்கென்ன ரெண்டு கண்?" என்று கருவாட்டம்மா கேட்டார். "ஒண்டு ஏலாமப் போனா?" என்றார் ராத்தா. கருவாட்டம்மா தன்னுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, எனக்கு ரெண்டும் ஏலாது என்றார். அன்றைக்கு ராத்தா சத்தம் போட்டுச் சிரித்தார். நான் கேட்ட ஒரே தடவை.

ராத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவருடைய மகள் வீடு முழுக்கத் தேடிப் பார்த்தார். கடல் இருந்தது, வயல் இருந்தது, எருமைகள் இருந்தன. பெண்களின் பிலிம் ஒரு துண்டும் இருக்கவில்லை. கண்காட்சி வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது மகள் அந்தக் கடலையும் வயலையும்தான் தந்தார். அவர் தந்ததை நீங்கள் மாட்டியதில் எனக்குக் குறை இல்லை. நல்லாகவே மாட்டியிருந்தீர்கள்.

ஆனால் வாசலில் நீங்கள் மாட்டியிருந்தது ஒரு பெண்ணை. ஆள் உயரத்தில். விரிந்த முடியோடு, தயிர்ச்சட்டிகளுக்கு நடுவில். மண்டபத்தில் மற்றப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை, அது மட்டும் நிறப்படம். ராத்தா வாழ்நாளில் எடுத்த நிறப்படம் எல்லாம் அந்த ஒரு முற்றத்தில், உங்கள் கமராவில் எடுத்தவைதான்.

நான் அங்கேயே உங்களிடம் வந்தேன். இது எப்படி உங்களிடம் என்று கேட்டேன். "படம் நல்லாத்தானே இரிக்கி தங்கச்சி. ராத்தாக்குத்தானே பெருமை" என்று சொல்லிவிட்டு மைக்குக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கழகத்து ஆள் ஒருவர்தான் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொன்னார். அந்தக் கமராவின் உடம்புக்குள்ளேயே ஒரு சேமிப்பு இருக்கிறதாம். கார்டில் எழுதுகிறபோதே அதற்குள்ளும் ஒரு பிரதி எழுதும்படி நீங்கள் அமைத்து வைத்திருந்தீர்களாம். ஒன்று பழுதானால் மற்றது இருக்கட்டும் என்று. உங்களுக்கும் ஸ்பெயார் வைக்கத் தெரிந்திருக்கிறது.

ராத்தாவிடம் கொடுக்கும்போது நீங்கள் அதை மறந்திருக்கலாம் என்றும் அந்த ஆள் சொன்னார். சரி, மறந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கமரா திரும்பி வந்த பிறகு படங்களைப் பார்த்தீர்கள்தானே? பார்த்ததும் ராத்தாவிடம் வந்து சொல்லியிருக்கலாம். ராத்தா அதற்குப் பிறகும் உங்கள் கூட்டங்களுக்கு வந்தார், பின்வரிசையில் இருந்தார். ஒரு சொல் போதும். நீங்கள் சொல்லவில்லை. அவர் வாய் மூடும்வரை வைத்திருந்தீர்கள். மூடிய பிறகு, அவரே தந்தார் என்றீர்கள்.

படத்தை உங்கள் முகநூலிலும் போட்டீர்கள். அடுத்த நாள் பொத்துவிலிலிருந்து எனக்குப் போன் கோல் வந்தது. அந்தப் பெண் உயிரோடுதான் இருக்கிறார். முடி போய்விட்டது, பிறகு வரவில்லை. அவருடைய புருசனின் தம்பி சவூதியிலிருந்து படத்தைக் கண்டு அனுப்பியிருக்கிறார்.

நான் உங்களை ஏசத் தொடங்கினேன். அவர் என்னை நிற்பாட்டினார்.

"ஏச வேணாம் தங்கச்சி. ஒண்டு மட்டும் சொல்லுங்க. ராத்தாவா குடுத்த?"

"இல்ல. அவ குடுக்கல்ல."

"அவர் மைக்கில சொல்லியிரிக்காரே. வீடியோவில பாத்தன்."

"பொய் சொல்லியிரிக்கான்."

"நீங்க அவட ஆள். நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க. அவ மௌத்தான நாளில இருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் அவக்கு துஆக் கேக்கன். என்ட புள்ளைகளுக்குக் கேக்க முதல் அவக்குத்தான் கேக்கிற. இனிக் கேக்கவா, விடவா?"

கேளுங்கள் என்று சொன்னேன்தான். அது அவருக்குப் போதவில்லை. போனை வைத்துவிட்டார்.

நான் கழகத்துக்கு வந்து கத்திய பிறகு முகநூலிலிருந்து படத்தை எடுத்துவிட்டீர்கள். மண்டபத்திலும் கழற்றிவிட்டீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல், சத்தமில்லாமல். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் கழற்றியது படத்தை. ராத்தா தந்தார் என்று சொன்ன சொல் அந்த வீடியோவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவருடைய நெஞ்சை இன்னொருவருக்குக் காட்டாமலே ஒரு ஆயுளைக் கழித்த மனிசியை, சொல் தவறியவராக்கி மண்ணுக்குள் வைத்திருக்கிறீர்கள். நாவிதன்வெளியிலும் திருக்கோவிலிலும் கவர் வாங்கிய பெண்களெல்லாம் இப்போது என்ன நினைப்பார்கள்? நம்முடையதும் எங்கேயாவது இருக்குமோ என்று நினைக்கமாட்டார்களா?

என்னிடம் தனியாகப் பேச ஆள் அனுப்பினீர்கள். தனியாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அதே மண்டபத்துக்கு வாருங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். அதே வீடியோக்காரரையும் கூப்பிடுங்கள். இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தப் படத்தை ராத்தா உங்களுக்குத் தந்தாரா, நீங்களாக எடுத்தீர்களா? உங்கள் கமராவுக்குள் இருக்கிற மிச்சப் படங்களை அந்தப் பெண்ணின் கண்ணுக்கு முன்னால் எப்போது அழிக்கப் போகிறீர்கள்? பொத்துவில் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.